பம்பரம் நிற்பதும் சைக்கிள் ஓடுவதும் ஒரே காரணத்தாலா?

ஈசூன் வளர்மதி

எல்லோருக்கும் வணக்கம். கேள்வி என் மகளுடையது. உயர்நிலை 2 படிக்கிறாள். ஆனால் மூன்று நாளாகத் தூக்கம் கெட்டது எனக்கு.

சென்ற டிசம்பர் விடுமுறையில் காரைக்குடி போயிருந்தபோது என் அப்பா அவளுக்கு ஒரு பம்பரம் வாங்கிக் கொடுத்தார். சாட்டையைச் சுற்றி வீசக் கற்றுக்கொள்ள ஒரு வாரம் ஆனது. அதற்குள் அப்பா வீட்டுத் திண்ணையில் பதினேழு குழி. சிங்கப்பூர் திரும்பியதும் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் விடத் தொடங்கினாள். நாலாவது மாடி மலாய்ப் பாட்டி நின்று பார்த்து, "காசிங்!" (மலாயில் பம்பரம்) என்று சிரித்துவிட்டுப் போவார். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, இப்படி ஒரு கேள்வி வரும் வரை: "அம்மா, சும்மா நிறுத்தினால் ஒரு நொடிகூட ஆணியில் நிற்காத கட்டை, சுற்றும்போது மட்டும் எப்படி நிற்கிறது?"

"வேகம்தான்" என்றேன். "வேகமாக ஓடுகிறவர்கள் விழுவதில்லையா?" என்றாள். "சைக்கிள் மாதிரி" என்றேன். "சைக்கிள் ஏன் விழுவதில்லை?" "பம்பரம் மாதிரி." இதற்குப் பிறகு அவள் என்னைப் பார்த்த பார்வையை வருணிக்க விரும்பவில்லை.

போதாததற்கு, போன வாரம் அவள் வகுப்பில் ஒரு சைக்கிள் சக்கரத்தின் அச்சில் ஒரு முனையை மட்டும் கயிற்றில் கட்டி, சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் கையை எடுத்துக் காட்டினார்களாம். சக்கரம் கவிழவில்லை. நிமிர்ந்தபடியே கயிற்றை மெல்ல வலம் வந்ததாம், கோயிலில் சுற்றுவது போல. மணி அடித்துவிட்டதால் விளக்கம் அடுத்த வாரத்துக்குப் போய்விட்டது. அதுவரை விளக்க வேண்டியவள் நான்.

நான் ஒரு பல் மருந்தகத்தில் வரவேற்பு மேசையில் இருக்கிறேன். நாள் முழுக்கக் காதில் விழுவதே சுற்றும் ஒரு பொருளின் சத்தம்தான். பல்லைக் குடையும் கருவிக்குள், காற்றின் வேகத்தில் ஒரு குட்டிச் சக்கரம் நிமிடத்துக்கு 3 லட்சம் சுற்றுக்கு மேல் போகிறது என்று மருத்துவர் ஒருமுறை சொன்னார். நானும் நோயாளிகளைப் போல வாயைப் பிளந்ததோடு சரி, ஏன் எப்படி என்று கேட்கவில்லை. இப்போது அனுபவிக்கிறேன்.

தெரிந்தவர்கள் சொல்லுங்கள். சூத்திரம் வேண்டாம். சூத்திரம் அவளுக்குப் புரிந்துவிடும், எனக்குத்தான் புரியாது.

துவாஸ் லாரி

அக்கா, பம்பரம் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் சுற்றுகிற சக்கரம் எல்லாம் நன்மை செய்யும் என்று மட்டும் மகளிடம் சொல்லிவிடாதீர்கள். மழை பெய்த மறுநாள் கட்டுமான இடத்தில் லாரியின் இடது பின்சக்கரம் சேற்றில் இறங்கிவிட்டால், நான் எவ்வளவு மிதித்தாலும் அந்தச் சக்கரம் மட்டும் பைத்தியம் பிடித்தது போலச் சுற்றும். காய்ந்த தரையில் இருக்கும் வலது சக்கரம் அசையாமல் வேடிக்கை பார்க்கும்.

அச்சின் நடுவில் இருக்கும் பற்சக்கரப் பெட்டி இரண்டு பக்கமும் ஒரே அளவு முறுக்கைத்தான் கொடுக்கும். வளைவில் வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட அதிகத் தூரம் போக வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. சேற்றில் இருப்பதைச் சுற்றக் கொஞ்சம் முறுக்கே போதும் என்பதால், அடுத்ததற்கும் அந்தக் கொஞ்சம்தான் கிடைக்கும். இன்னும் மிதித்தால் குழிதான் ஆழமாகும். பலகையைக் கொண்டுவந்து போட வேண்டும், வேறு வழியில்லை. பிறகு வாசலில் நான்கு பக்கமும் சக்கரத்தைக் கழுவிவிட்டுத்தான் சாலைக்கு வரலாம்.

கேள்விக்குப் பதில் இல்லைதான். மன்னிக்கவும்.

கரும்பலகை

துணைப்பாடம் எடுப்பவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: "வேகம்தான்" என்று பதில் சொன்னதற்கு உங்களுக்கு மதிப்பெண் இல்லை. ஆனால் உங்கள் மகளுக்கு அந்தத் தொங்கும் சக்கரத்தைக் காட்டிய ஆசிரியருக்கு முழு மதிப்பெண். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

சக்கரம் கயிற்றுக்கு வலப்பக்கம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அது சுற்றாமல் இருந்தால் என்ன ஆகும்? கவிழும். கவிழ்வது என்றால் என்ன? சக்கரத்தின் உச்சி வெளிப்பக்கம் சாயும், அடி கயிற்றின் பக்கம் வரும். அதாவது, புவியீர்ப்பு விளிம்பின் மேல்பாதியை வெளியே தள்ளுகிறது, கீழ்ப்பாதியை உள்ளே தள்ளுகிறது.

இப்போது சக்கரம் சுற்றுகிறது. உச்சியில் வெளிப்பக்கத் தள்ளு வாங்கிய இரும்புத் துண்டு அங்கேயே நிற்பதில்லை. வாங்கிய வேகத்தோடு அது முன்பக்கம் வந்துவிடுகிறது. அடியில் உட்பக்கத் தள்ளு வாங்கிய துண்டு பின்பக்கம் போய்விடுகிறது. ஆக, உச்சி வெளியே போவதற்குப் பதில் சக்கரத்தின் முன்பக்கம் வெளியே போகிறது, பின்பக்கம் உள்ளே வருகிறது. அப்படியென்றால் சக்கரம் முழுவதும் பக்கவாட்டில் திரும்புகிறது. அதுதான் உங்கள் மகள் பார்த்த பிரதட்சிணம்.

விழாமல் இருப்பதாக நாம் நினைக்கிறோம். தள்ளு வாங்கிக்கொண்டுதான் இருக்கிறது. அதன் பலன் கால் சுற்று தள்ளி வேறிடத்தில் வந்து சேர்கிறது. சாய்ந்த பம்பரம் தலையை ஆட்டிக்கொண்டு வட்டமிடுவதும் இதேதான். சுழற்சி குறையக் குறைய அந்த வட்டம் வேகமாகும், கடைசியில் தட்டென்று விழும். விளிம்பில் எடை அதிகம் இருந்தால் நெடுநேரம் தாங்கும். மலேசியாவின் கிளந்தானில் ஐந்து கிலோ எடையுள்ள காசிங்குகள் ஒரு மணி நேரத்துக்கும் மேல் சுற்றுகின்றன. அவற்றின் விளிம்பில் ஈய வளையம் இருக்கும். உங்கள் மலாய்ப் பாட்டியிடம் கேட்டால் என்னைவிட நன்றாகச் சொல்வார்.

சைக்கிள் கதை வேறு. நீங்கள் சொன்ன பதிலைப் பல பாடநூல்களும் சொல்லியிருக்கின்றன, அதனால் வெட்கப்பட வேண்டாம். டேவிட் ஜோன்ஸ் என்ற பிரிட்டிஷ் வேதியியலாளர் 1970இல் ஒரு காரியம் செய்தார். முன்சக்கரத்தின் பக்கத்தில் இன்னொரு சக்கரத்தைப் பொருத்தி, அதை எதிர்த்திசையில் சுற்றவிட்டார். ஒன்றின் சுழல் விளைவை, அதாவது மேலே சொன்ன கால் சுற்று வித்தையை, மற்றது அழித்துவிடும். அப்போதும் அவரால் அந்தச் சைக்கிளை ஓட்ட முடிந்தது. 2011இல் அமெரிக்க, டச்சு ஆய்வாளர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், சுழல் விளைவை ரத்து செய்த ஆளில்லாத வண்டி ஒன்றை உருட்டிவிட்டார்கள். அதுவும் விழாமல் தன்னைத்தானே நிமிர்த்திக்கொண்டு ஓடியது.

சைக்கிள் சாயும் பக்கம் கைப்பிடி தானாகத் திரும்புகிறது. திரும்பியதும் சக்கரங்கள் சாய்ந்த உடம்புக்குக் கீழே போய் நின்றுகொள்கின்றன. உள்ளங்கையில் துடைப்பத்தை நிறுத்தி விளையாடும்போது, அது சாயும் பக்கம் கையைக் கொண்டு போவோமே, அந்த வித்தைதான். அந்தத் திருப்பத்துக்குச் சக்கரத்தின் சுழற்சியும் கொஞ்சம் கை கொடுக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அது இல்லாமலும் வண்டி நிற்கும். நம்பாவிட்டால் ஸ்கூட்டரைப் பாருங்கள். உள்ளங்கை அகலச் சக்கரத்தில் என்ன பெரிய சுழல் விளைவு இருந்துவிடப் போகிறது? 2019 நவம்பரில் நடைபாதையில் தடை வரும் வரை மின்ஸ்கூட்டர்கள் நம் காலை உரசிக்கொண்டு நிமிர்ந்துதானே போயின.

துவாஸ் லாரி

துடைப்பம் புரிந்தது. இரும்புத் துண்டை மூன்று முறை படித்தேன், பிறகு ஒரு தட்டை எடுத்துச் சுற்றிப் பார்த்துப் புரிந்துகொண்டேன். தட்டு உடையவில்லை.

செம்பவாங் பழையவர்

வளர்மதியம்மா, பல் மருந்தகத்துச் சத்தத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். எனக்கும் ஒரு சத்தம் உண்டு. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஓய்வு பெற்றவனிடம் நேரம்தான் சொத்து.

1976இல் பதினேழு வயதில் ஒரு கப்பல் பட்டறையில் மின்பிரிவுப் பயிற்சியாளனாகச் சேர்ந்தேன். கப்பலில் மாலுமிகள் நிற்கும் மேல்தளத்துக்குக் கீழே சின்ன அறை ஒன்று இருக்கும். அதற்குள் ஒரு பித்தளைப் பானை அளவுக்குக் கைரோ. கப்பலுக்கு வடக்கு எது என்று சொல்லும் கருவி. உள்ளே கனமான சக்கரம் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் சுற்றும். மின்சாரம் கொடுத்ததும் முதலில் முனகல், பிறகு கொசு ரீங்காரம், பிறகு காது பழகிப் போகும் ஒரே ஊளை. அந்த ஊளை இருந்தால் கப்பல் உயிரோடு இருக்கிறது என்று எங்கள் ஃபோர்மன் சொல்வார்.

பழுது பார்க்கும்போது கப்பல் கரை மின்சாரத்தில் ஓடும். ஒருநாள் விடியற்காலையில், நான் தவறான விசையை இறக்கிவிட்டேன். விளக்குகள் அணைந்தன, உடனே ஏற்றியும் விட்டேன். ஆனால் நான் இழுத்துப் பூட்டிய வேறு ஒரு விசையில்தான் கைரோ இருந்தது. அதை ஒருவரும் கவனிக்கவில்லை. காலை எட்டு மணிக்குக் கப்பல் புறப்பட வேண்டும். ஏழு மணிக்கு இரண்டாம் அதிகாரி, ஒரு பர்மாக்காரர், படியில் ஓடி வந்தார். அறையில் ஊளை இல்லை. சரிதான், போட்டுவிட்டால் போகிறது என்று விசையை ஏற்றினேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அந்த வகைக் கைரோ தூங்கி எழுந்தால் வடக்கைக் கண்டுபிடிக்க நான்கைந்து மணி நேரம் ஆகும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. கப்பல் மத்தியானம்தான் போனது. அது வரை ஃபோர்மன் என்னை அந்த அறையை விட்டு வெளியே விடவில்லை. "உட்கார்ந்து பார், அது எப்படி வடக்கைத் தேடுகிறது என்று பார்" என்றார். தண்டனையாகத்தான் சொன்னார். எனக்கு அது பாடமாகிவிட்டது.

தேடுவது எப்படி என்றால், வேகமாகச் சுற்றும் சக்கரம் தன் அச்சை விண்மீன்களைப் பார்த்து நிறுத்தி வைத்துக்கொள்ளும். பூமி அதன் அடியில் உருண்டுகொண்டே இருக்கிறது. அதனால் கிழக்கைப் பார்த்திருக்கும் முனை, நம் கண்ணுக்கு, மெல்ல எழும்பும். நட்சத்திரம் உதிப்பது போல. எழும்பும் முனையைக் கீழே அழுத்த ஓர் எடை அமைத்திருப்பார்கள். கீழே அழுத்தினால் என்ன ஆகும்? கரும்பலகை சொன்னாரே, அழுத்திய பக்கம் போகாது, பக்கவாட்டில் திரும்பும். அந்தத் திருப்பம் வடக்கை நோக்கி. வடக்கைத் தாண்டிப் போகும், தயங்கும், திரும்பும், மறுபடி தாண்டும். ஒரு முறை போய் வர ஏறத்தாழ 84 நிமிடம். ஒவ்வொரு முறையும் ஆட்டம் குறைந்து கடைசியில் அடங்கும். அன்று காலை முழுவதும் அந்த வட்டத் தட்டு நகர்ந்ததைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். காந்தம் கிடையாது, வெளியே எட்டிப் பார்க்கச் சன்னல் கிடையாது. பூட்டிய அறைக்குள் இருந்துகொண்டு ஒரு சக்கரம் பூமி சுற்றுவதைக் கண்டுபிடிக்கிறது.

இதில் நம் ஊருக்கு ஒரு பெருமை உண்டு. பூமியின் சுழற்சி இந்தக் கருவியை வடக்குக்கு இழுக்கும் வலு நிலநடுக்கோட்டில்தான் மிக அதிகம். நாம் அதிலிருந்து ஒரு பாகைக்குச் சற்று மேலே இருக்கிறோம். வடக்கே போகப் போக வலு குறையும், துருவத்தில் ஒன்றுமே இல்லை. வேடிக்கை என்னவென்றால், இதை 1908இல் உருப்படியாகச் செய்து காட்டிய ஜெர்மானியர் ஹெர்மன் அன்ஷூட்ஸ் கேம்ஃபே, நீர்மூழ்கியில் பனிக்கு அடியில் வட துருவம் போக ஆசைப்பட்டுத்தான் இந்த வேலையையே தொடங்கினார். அவர் போக நினைத்த இடத்தில் மட்டும் அது வேலை செய்யாது! பிறகு அமெரிக்கர் ஸ்பெர்ரியும் ஒன்று செய்ய, இருவருக்கும் காப்புரிமை வழக்கு வந்தது. நிபுணர் கருத்துச் சொன்னவர் ஐன்ஸ்டீன்.

இப்போது வரும் சில கப்பல்களில் சக்கரமே இல்லை. கண்ணாடி இழைச் சுருளுக்குள் ஒளி இரு திசையிலும் ஓடிக் கணக்குச் சொல்லிவிடுகிறது. சத்தமும் இல்லை.

கரும்பலகை

ஐயா, உங்கள் பெருமைக்கு ஒரு திருஷ்டிப் பொட்டு வைக்கிறேன். 1851இல் பாரிசில் ஃபூக்கோ ஒரு நீண்ட ஊசலைத் தொங்கவிட்டு, அதன் ஆட்டத் தளம் மெல்லத் திரும்புவதைக் காட்டி, பூமி சுற்றுகிறது என்று நிரூபித்தார். பாரிசில் அது ஒரு முழுச் சுற்று வர ஏறத்தாழ 32 மணி நேரம். அதே ஊசலை ஈசூனில் தொங்கவிட்டால் ஏறத்தாழ 40 நாள் காத்திருக்க வேண்டும். ஊசலுக்கு நாம் மோசமான ஊர், கைரோவுக்கு மிகச் சிறந்த ஊர். ஊசலுக்கு மறு ஆண்டே கைரோஸ்கோப் என்று பெயர் வைத்து அந்தக் கருவியையும் கொண்டுவந்தவர் அதே ஃபூக்கோதான்.

தேக்கா தாத்தா

இவ்வளவு பேசிவிட்டுப் பெரிய பம்பரத்தை விட்டுவிட்டீர்களே. பூமியும் சாய்ந்த பம்பரம்தான், அதுவும் தலையை ஆட்டுகிறது. ஓர் ஆட்டத்துக்கு ஏறத்தாழ 26,000 ஆண்டு. பஞ்சாங்கத்தில் அயனாம்சம் என்று ஒரு கணக்கு இருக்கும், இப்போது 24 பாகையைத் தாண்டி நிற்கிறது. இந்தத் தலையாட்டத்துக்கான கணக்குதான் அது. பகலும் இரவும் சமமாகும் நாள் மார்ச் 20 அல்லது 21இல் வருகிறது. சூரியன் மேடத்தில் நுழைவதாக நாம் சித்திரை முதல் நாள் கொண்டாடுவது ஏப்ரல் 14. ஒரு காலத்தில் இரண்டும் ஒரே நாளில் இருந்தன. பம்பரம் ஆடியதால் இடையில் மூன்று வாரத்துக்கு மேல் விழுந்துவிட்டது.

பேத்தியிடம் இதையும் சொல்லுங்கள். வடை பாயசத்துக்கு மட்டும் நினைவில் இருக்கும் நாள் என்று ஆகிவிடக் கூடாது.

கரும்பலகை

அருமை, தாத்தா. ஒன்றே ஒன்று சேர்க்கிறேன். பம்பரத்தைப் புவியீர்ப்பு சாய்க்கப் பார்க்கிறது. சூரியனும் சந்திரனும் பூமியின் இடுப்புப் புடைப்பைப் பிடித்து அதை நிமிர்த்தப் பார்க்கின்றன. அதனால் பம்பரம் தான் சுற்றும் திசையிலேயே தலையாட்டும், பூமி சுற்றும் திசைக்கு எதிராகத் தலையாட்டும்.

ஈசூன் வளர்மதி

நன்றி, நன்றி. அனைத்தையும் அச்சடித்து அவளிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "செய்து பார்க்கலாம்" என்றாள். ஞாயிற்றுக்கிழமை என் கணவரின் சைக்கிளிலிருந்து முன்சக்கரம் கழன்றது. கணவருக்கு இது மாலையில்தான் தெரியும்.

துணி காயப்போடும் கயிற்றால் அச்சின் ஒரு முனையைக் கட்டி, வீட்டு இரும்புக் கதவின் மேல் கம்பியில் தொங்கவிட்டோம். முதல் முறை சுற்றியது போதாமல் கவிழ்ந்து என் முழங்காலில் விழுந்தது. இரண்டாவது முறை நின்றது. நான் கையைத் தட்டினேன், எதிர்வீட்டுச் சீன அம்மா கதவைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். அவள் கைப்பேசியில் நேரம் குறித்தாள்: முதல் வலம் 11 வினாடி, பிறகு 9, பிறகு 7, பிறகு தொங்கிவிட்டது. கரும்பலகை ஐயா சொன்னபடி, சுழற்சி குறையக் குறைய வலம் வேகமாகிறது. எதிர்த்திசையில் சுற்றிவிட்டபோது இடம் வந்தது. அதைப் பார்த்ததும் இரும்புத் துண்டு எனக்கும் புரிந்துவிட்டது.

அடுத்து, சுழல் நாற்காலியில் காலைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்து, சுற்றும் சக்கரத்தின் அச்சை இரு கையாலும் பிடித்துச் சாய்த்தாள். நாற்காலி தானாகத் திரும்பியது! யாரும் தொடவில்லை. இதற்கு என்ன பெயர்?

கரும்பலகை

அதற்குப் பெயர் விண்வெளித் தொழில். அங்கே உதைத்துத் திரும்பத் தரை கிடையாது, எரிபொருளையும் வீணாக்க முடியாது. அனைத்துலக விண்வெளி நிலையத்தில் நான்கு பெரிய சக்கரங்கள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 100 கிலோ, நிமிடத்துக்கு 6,600 சுற்று. அவற்றின் அச்சைச் சாய்த்துத்தான் நிலையத்தைத் திருப்புகிறார்கள், உங்கள் மகள் நாற்காலியில் செய்ததைப் போல. கெப்ளர் தொலைநோக்கிக்கு இருந்த நான்கு சக்கரங்களில் இரண்டாவது 2013 மே மாதம் பழுதானதும், குறி பார்த்து நிற்கும் வேலையே கெட்டுவிட்டது. பிறகு சூரிய ஒளியின் அழுத்தத்தைத் தாங்குகோலாக வைத்துக்கொண்டு மீதி இரண்டு சக்கரங்களால் சில ஆண்டுகள் ஓட்டினார்கள்.

செம்பவாங் பழையவர்

எல்லாம் சரி. அந்த முன்சக்கரத்தைத் திரும்ப மாட்டியாயிற்றா? மாட்டும்போது வண்டியைத் தரையில் நேராக நிறுத்தி, அச்சு இரண்டு பக்கமும் கவட்டையின் அடிவரை ஏறியிருக்கிறதா என்று பார்த்த பிறகு திருகாணியை இறுக்குங்கள். பிறகு சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டு, பிரேக் கட்டை ஒரு பக்கம் உரசுகிறதா என்று காதால் கேளுங்கள். கணவர் ஏறுவதற்கு முன்பே செய்துவிடுங்கள்.

ஈசூன் வளர்மதி

உரசுகிறது, ஐயா. இடது பக்கம். இதோ, திருகுச் சாவியை எடுத்துக்கொண்டு கீழே போகிறோம்.